லினக்ஸ் கெர்னலில் சிடி, டிவிடி, ப்ளூ-ரே கோப்பு முறைமைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாகக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கட்டுபவர்களுக்கும், மெய்நிகர் கணினிகளுக்கு மெலிந்த கெர்னல் தயாரிப்பவர்களுக்கும், பழைய குறுந்தகடுகளிலிருந்து கோப்புகளை மீட்பவர்களுக்கும் இந்தப் பக்கம். கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். கட்டளைகள் எல்லாம் சிறிய எழுத்து, கெர்னல் அமைப்புப் பெயர்கள் எல்லாம் பெரிய எழுத்து.

வட்டைப் போட்டதும் கோப்புகள் தெரிய, கெர்னலில் எவையெல்லாம் இருக்க வேண்டும்?

மூன்று அடுக்குகள். மூன்றும் வெவ்வேறு மெனுக்களில் இருப்பதால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றை விட்டுவிடுகிறோம்.

முதல் அடுக்கு டிரைவ். டிரைவ் சாட்டா கேபிளில் இருந்தால் லிபாட்டாவும் ஏஎச்சிஐ டிரைவரும், யூஎஸ்பி டிரைவ் என்றால் யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜும் வேண்டும். எந்தக் கேபிளில் வந்தாலும் மேலே "ஸ்கஸி சிடிராம் சப்போர்ட்" கட்டாயம். அதன் பெயர் கான்ஃபிக்_பிஎல்கே_டெவ்_எஸ்ஆர், மாட்யூல் (தேவைப்படும்போது ஏற்றும் கெர்னல் பகுதி) பெயர் எஸ்ஆர்_மாட். "என்னிடம் ஸ்கஸி வட்டே இல்லையே" என்று அதை அணைத்துவிடுபவர்கள் ஏராளம். இன்றைய கெர்னலில் சாட்டா, யூஎஸ்பி டிரைவ்கள் எல்லாம் ஸ்கஸி அடுக்கின் வழியாகத்தான் தெரிகின்றன. /டெவ்/எஸ்ஆர்0 என்ற சாதனக் கோப்பை உருவாக்குவது இந்த மாட்யூல்தான்.

இரண்டாம் அடுக்கு கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகள் அடுக்கப்படும் விதம்: ஐஎஸ்ஓ 9660, யூடிஎஃப் (UDF). மூன்றாம் அடுக்கு எழுத்துக் குறியாக்க மாற்றம், அதாவது என்எல்எஸ். வட்டில் யூனிகோடாக எழுதிய கோப்புப் பெயர்களை உங்கள் டெர்மினல் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றுவது அது.

மெனுவில் அவை எங்கே இருக்கின்றன?

மேக் மெனுகான்ஃபிக் கொடுத்து, "ஃபைல் சிஸ்டம்ஸ்" என்பதற்குள் "சிடி-ராம்/டிவிடி ஃபைல்சிஸ்டம்ஸ்" என்ற சிறு மெனுவைத் திறங்கள். அங்கே நான்கே வரிகள்:

- கான்ஃபிக்_ஐஎஸ்ஓ9660_எஃப்எஸ்: அடிப்படை. ஒய் (கெர்னலுக்குள்ளேயே கட்டுவது), எம் (தனி மாட்யூலாகக் கட்டுவது) இரண்டும் தரலாம். மாட்யூலின் பெயர் ஐஎஸ்ஓஎஃப்எஸ்.
- கான்ஃபிக்_ஜோலியட்: மைக்ரோசாஃப்டின் நீண்ட பெயர் நீட்சி. ஒய் மட்டுமே உண்டு.
- கான்ஃபிக்_ஸீஐஎஸ்ஓஎஃப்எஸ்: சுருக்கிய கோப்புகளைப் படிக்கும்போதே விரித்துத் தருவது. இதற்கும் ஒய் மட்டுமே.
- கான்ஃபிக்_யூடிஎஃப்_எஃப்எஸ்: டிவிடி, ப்ளூ-ரே முறைமை. ஒய் அல்லது எம்.

ஜோலியட்டுக்கும் ஸீஐஎஸ்ஓஎஃப்எஸ்ஸுக்கும் ஏன் எம் இல்லை என்றால், அவை தனி மாட்யூல்கள் அல்ல, ஐஎஸ்ஓஎஃப்எஸ் மாட்யூலுக்குள்ளேயே போய்ச் சேரும் பகுதிகள். பின்னால் தனியாக ஏற்ற வழியில்லை, கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும்.

எழுத்துக் குறியாக்கங்கள் அதே "ஃபைல் சிஸ்டம்ஸ்" மெனுவின் கடைசிப் பகுதியில், "நேட்டிவ் லாங்குவேஜ் சப்போர்ட்" என்பதற்குள் உள்ளன. அங்கே கான்ஃபிக்_என்எல்எஸ்_யூடிஎஃப்8 என்பதை மறக்காமல் இயக்குங்கள். இதில் யூடிஎஃப்8 என்பது யூனிகோட் குறியாக்கமான UTF-8, கோப்பு முறைமையான யூடிஎஃப் அல்ல. எஸ்ஆர் டிரைவர் "டிவைஸ் டிரைவர்ஸ்", அதற்குள் "ஸ்கஸி டிவைஸ் சப்போர்ட்" என்ற இடத்தில். வட்டில் எழுதவும் வேண்டுமானால் அங்கேயே "ஸ்கஸி ஜெனரிக் சப்போர்ட்" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மெனுவில் தொலைந்துபோனால் சாய்கோட்டை அழுத்தி, கான்ஃபிக் என்ற முன்னொட்டு இல்லாமல் பெயரைத் தேடுங்கள். இருக்கும் இடத்தையும் எதைச் சார்ந்திருக்கிறது என்பதையும் அதுவே காட்டும்.

ஒய்யா, எம்மா?

எம். வட்டு போடாத நாட்களில் நினைவகத்தில் எதுவும் தங்காது, போட்ட கணத்தில் தானே ஏறிக்கொள்ளும். விதிவிலக்கு ஒன்றே: கணினி வட்டிலிருந்தே துவங்கி, ரூட் கோப்பு முறைமையும் அந்த வட்டிலேயே இருந்து, இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத்தின்போது நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பு முறைமை) இல்லாத நிலை. அப்போது டிரைவ் டிரைவர், எஸ்ஆர், ஐஎஸ்ஓ 9660 மூன்றும் ஒய்யாக இருக்க வேண்டும். இனிட்ராம்எஃப்எஸ் இருந்தால் எம்மே போதும், அந்த மாட்யூல்கள் அதற்குள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டால் சரி.

"இனி யார் சிடி போடப்போகிறார்கள்" என்று முழுவதும் அணைத்துவிடுவது எங்கள் பார்வையில் தவறு. அணைப்பதால் மிச்சமாவது மிகக் குறைவு. தேவைப்படும் நாளில் இழப்பது பெரிது. தவிர, இந்த முறைமைகளுக்கு வட்டு என்ற பொருளே தேவையில்லை: ஐஎஸ்ஓ கோப்புகள், மெய்நிகர் கணினிகளின் அமைப்பு வட்டுகள் எல்லாம் இவற்றையே நம்பியிருக்கின்றன.

மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கொடுத்துக் கெர்னல் கட்டினேன். எல்லாம் வேலை செய்கிறது, சிடி மட்டும் இல்லை. ஏன்?

லோக்கல்மாட்கான்ஃபிக் செய்வது இதுதான்: அந்த நொடியில் ஏறியிருக்கும் மாட்யூல்களின் பட்டியலை எடுத்து, அதில் இல்லாத மாட்யூல்களை எல்லாம் அமைப்பிலிருந்து நீக்கிவிடும். நீங்கள் அன்று வட்டு எதையும் மவுண்ட் செய்திருக்க (கோப்புகள் தெரியும்படி இணைத்திருக்க) மாட்டீர்கள். அதனால் ஐஎஸ்ஓஎஃப்எஸ், யூடிஎஃப் இரண்டும் பட்டியலில் இருந்திருக்காது. யூஎஸ்பி டிரைவைச் செருகாமல் இருந்திருந்தால் எஸ்ஆர்_மாடும் போயிருக்கும்.

தீர்வு மூன்று விதம். கட்டளைக்கு முன்னால் மாட்ப்ரோப் ஐஎஸ்ஓஎஃப்எஸ், மாட்ப்ரோப் யூடிஎஃப், மாட்ப்ரோப் எஸ்ஆர்_மாட், மாட்ப்ரோப் லூப், மாட்ப்ரோப் என்எல்எஸ்_யூடிஎஃப்8 என்று கையால் ஏற்றிவிடுங்கள். அல்லது எல்எம்சி_கீப் என்ற மாறியில் எஃப்எஸ் அடைவைக் குறிப்பிட்டால், அந்த அடைவில் உள்ளவற்றை அது தொடாது. இரண்டும் தவறிவிட்டால், பிறகு ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக் கருவியால் சேர்க்கலாம்: ஐஎஸ்ஓ9660_எஃப்எஸ், யூடிஎஃப்_எஃப்எஸ் ஆகியவற்றை --மாட்யூல் என்றும், ஜோலியட்டை --எனேபிள் என்றும் கொடுத்து, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டுங்கள். அதன்பின் டாட்கான்ஃபிக் கோப்பைத் திறந்து வரி உண்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். சார்பு ஏதாவது நிறைவேறாவிட்டால் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் உங்கள் வரியை ஓசையின்றி நீக்கிவிடும்.

இப்போது ஓடும் கெர்னலில் ஆதரவு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

/ப்ராக்/ஃபைல்சிஸ்டம்ஸ் கோப்பைப் பார்த்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. அங்கே தெரிவது ஒய்யாகக் கட்டப்பட்டவையும் ஏற்கெனவே ஏறிய மாட்யூல்களும்தான். ஏறாமல் நிலைவட்டில் காத்திருக்கும் மாட்யூல் அதில் வராது. மாட்இன்ஃபோ ஐஎஸ்ஓஎஃப்எஸ் கொடுத்தால் மாட்யூல் இருக்கிறதா என்று தெரியும். கட்டும்போது கொடுத்த அமைப்பைப் பார்க்க, /பூட் அடைவில் கான்ஃபிக் என்று தொடங்கி யூநேம் -ஆர் தரும் பதிப்பில் முடியும் கோப்பில் தேடுங்கள். சில விநியோகங்களில் அது /ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட் ஆக இருக்கும்.

மாட்யூலின் பெயர் ஐஎஸ்ஓஎஃப்எஸ், மவுண்ட் கட்டளையில் தரும் வகைப் பெயர் ஐஎஸ்ஓ9660. இரண்டையும் மாற்றித் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

முழுக் கெர்னலையும் கட்டாமல் மாட்யூலை மட்டும் கட்டலாமா?

ஓடும் கெர்னலின் அதே மூலநிரல், அதே அமைப்பு, அதே கம்பைலர் கையில் இருந்தால் கட்டலாம். டாட்கான்ஃபிக்கில் வேண்டியதை எம்மாக்கி, மேக் மாட்யூல்ஸ்_ப்ரிபேர் ஓட்டி, பிறகு மேக் எம்=எஃப்எஸ்/ஐஎஸ்ஓஎஃப்எஸ் கொடுங்கள். கிடைக்கும் கோப்பை மாட்யூல் அடைவில் வைத்து டெப்மாட் -ஏ ஓட்ட வேண்டும்.

தவறுவது இரண்டு இடங்களில். பதிப்பு ஒரு எழுத்து வேறுபட்டாலும் "இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்" என்று மறுக்கும். அடுத்தது "அன்னோன் சிம்பல்": ஜோலியட் என்எல்எஸ்ஸை இழுக்கும், ஸீஐஎஸ்ஓஎஃப்எஸ் ஸீலிப் விரிப்பானை இழுக்கும், யூடிஎஃப் சிஆர்சி கணக்கிடும் நூலகத்தை இழுக்கும். ஓடும் கெர்னலில் இவை இல்லையென்றால் அவற்றையும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் முழுக் கெர்னலையே கட்டிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மவுண்ட் செய்யும்போது வரும் பிழைச் செய்திகளை எப்படிப் படிப்பது?

எந்த அடுக்கில் கோளாறு என்பதைச் செய்தியே சொல்லிவிடும்.

/டெவ்/எஸ்ஆர்0 என்ற கோப்பே இல்லையென்றால் முதல் அடுக்கு. எஸ்ஆர்_மாட் ஏறவில்லை, அல்லது அதற்குக் கீழே சாட்டா, யூஎஸ்பி டிரைவர் இல்லை. பழைய கையேட்டைப் பார்த்து /டெவ்/எச்டிசி என்று தேடிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்தப் பெயரைத் தந்த பழைய ஐடிஈ டிரைவர்கள் 2021இல் வந்த 5.14 பதிப்பில் கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டன.

"நோ மீடியம் ஃபவுண்ட்" என்றால் கெர்னல் சரி. டிரைவுக்கு வட்டு தெரியவில்லை: தட்டு முழுதாக மூடவில்லை, வட்டு தலைகீழ், அல்லது அந்த வகை வட்டை லேசர் படிக்கவில்லை.

"அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப்" என்றால் இரண்டாம் அடுக்கு இல்லை. மாட்யூலை ஏற்றுங்கள், இல்லையேல் கட்டுங்கள்.

"ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன், பேட் சூப்பர்பிளாக்" என்பது பொதுவான புலம்பல். உண்மைக் காரணம் டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் dmesg கட்டளை) இருக்கும். அங்கே ஐஎஸ்ஓஎஃப்எஸ்_ஃபில்_சூப்பர் என்று தொடங்கி "பிரெட் ஃபெய்ல்டு", பிளாக் 16 என்று வந்தால், வட்டின் 16ஆம் செக்டரையே படிக்க முடியவில்லை. ஐஎஸ்ஓ 9660 வட்டில் முதல் 16 செக்டர்கள், அதாவது 32 கிலோபைட், கோப்பு முறைமையால் தொடப்படாத இடம். விவரக் குறிப்பு 16ஆம் செக்டரில்தான் தொடங்குகிறது. அது படிக்கப்படாவிட்டால் கீறல், வெற்று வட்டு, அல்லது ஆடியோ சிடி. யூடிஎஃப் வரியில் "நோ ஆங்கர் ஃபவுண்ட்" என்று வந்தால், வழக்கமாக 256ஆம் செக்டரில் இருக்க வேண்டிய நங்கூரக் குறிப்பு கிடைக்கவில்லை. பாதியில் நின்ற எழுத்திலும், அமர்வு (ஒருமுறை எழுதிய பகுதி) மூடப்படாத வட்டிலும் இது வரும். விண்டோஸில் எழுதிய வட்டானால் அதே கணினியில் போட்டு அமர்வை மூடிக்கொண்டு வாருங்கள்.

"சோர்ஸ் ரைட்-ப்ரொடெக்டட், மவுண்டட் ரீட்-ஒன்லி" என்பது பிழையே அல்ல. ஆர்ஓ என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அந்த வரியும் வராது.

விண்டோஸ் நிறுவல் ஐஎஸ்ஓவை மவுண்ட் செய்தால் ஒரே ஒரு ரீட்மீ கோப்பு மட்டும் தெரிகிறது. ஐஎஸ்ஓ கோப்பு பழுதா?

பழுதில்லை. அந்த ரீட்மீயைத் திறந்து பாருங்கள்: இந்த வட்டில் யூடிஎஃப் கோப்பு முறைமை உள்ளது, அதைப் புரிந்துகொள்ளும் இயங்குதளம் வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். வட்டில் இரண்டு முறைமைகள் அருகருகே இருக்கின்றன. ஐஎஸ்ஓ 9660 பக்கத்தில் இந்தக் கோப்பு மட்டும், யூடிஎஃப் பக்கத்தில் மற்ற எல்லாம். உங்கள் கெர்னலில் யூடிஎஃப் இல்லாததால் ஐஎஸ்ஓ 9660 பக்கம் திறந்துகொண்டது, அல்லது நீங்களே -டி ஐஎஸ்ஓ9660 என்று கட்டாயப்படுத்திவிட்டீர்கள்.

யூடிஎஃப் மாட்யூலை ஏற்றி, -டி யூடிஎஃப் கொடுங்கள். மவுண்ட் விவரங்களைப் பட்டியலிடும் எஃப்ஸ்டேப் கோப்பில் வகையை எழுதும்போதும் யூடிஎஃப்,ஐஎஸ்ஓ9660 என்ற வரிசையிலேயே எழுதுங்கள். டெபியன் நிறுவி எழுதும் வரியும் அப்படித்தான் இருக்கும். இரண்டும் உள்ள வட்டுகளில் முழு உள்ளடக்கம் யூடிஎஃப் பக்கமே இருக்கக்கூடும் என்பதால் அதை முதலில் முயல வேண்டும்.

தமிழில் பெயரிட்ட கோப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன.

இது மூன்றாம் அடுக்கு. விண்டோஸில் எழுதிய டேட்டா சிடிக்களில் நீண்ட பெயர்கள் ஜோலியட் வடிவில், எழுத்துக்கு இரண்டு பைட் யூனிகோடாக இருக்கும். கெர்னல் அதை என்எல்எஸ் வழியாக மாற்றித் தருகிறது. எதுவும் சொல்லாமல் மவுண்ட் செய்தால், கான்ஃபிக்_என்எல்எஸ்_டிஃபால்ட்டில் உள்ள குறியாக்கம் எடுத்துக்கொள்ளப்படும். மாற்றாமல் விட்டால் அது ஐஎஸ்ஓ8859-1, அதாவது மேற்கு ஐரோப்பிய எழுத்துகள். தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் அதில் இடமில்லாததால் கேள்விக்குறி வைக்கப்படுகிறது.

மவுண்ட் கட்டளையில் -ஓ ஐஓகேரக்டர்செட்=யூடிஎஃப்8 சேர்த்தால் தமிழ் வந்துவிடும். இந்த விருப்பத்தின் உண்மையான எழுத்துக்கூட்டல் சுருக்கமானது: ஐ, ஓ, அதை அடுத்து சார்செட் என்ற சொல், இடைவெளியின்றி. பழைய கெர்னல்களில் இது என்எல்எஸ்_யூடிஎஃப்8 மாட்யூலைக் கேட்கும், அது இல்லாவிட்டால் மவுண்டே தோற்கும். அதனால்தான் மேலே அதை மறக்க வேண்டாம் என்றோம். சொந்தக் கெர்னல் என்றால் என்எல்எஸ்_டிஃபால்ட் மதிப்பையே யூடிஎஃப்8 என்று மாற்றிவிடுங்கள். கோப்பு மேலாளரில் சரியாகத் தெரிந்து, கையால் மவுண்ட் செய்தால் மட்டும் கேள்விக்குறி வருவதற்குக் காரணம், பின்னணியில் இருக்கும் யூடிஸ்க்ஸ் இந்த விருப்பத்தைத் தானே சேர்த்துக்கொள்வதுதான்.

கேள்விக்குறி தெரியும் நிலையில் கோப்புகளை நகலெடுக்கவே கூடாது. நீளம் ஒத்த பெயர்கள் எல்லாம் ஒரே பெயராகிவிடும், ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டுக் கோப்புகள் தொலையும். முதலில் அவிழ்த்து, சரியான விருப்பத்தோடு மீண்டும் மவுண்ட் செய்யுங்கள்.

எழுதும்போது கவனிக்க ஒன்று. ஜோலியட்டில் பெயருக்கு 64 இடங்களே. "தமிழ்நாடு" என்பது நம் கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடிலோ உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனி என்பதால் 9 இடம். ஆக, தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களைவிட வெகு விரைவில் வெட்டுப்படும். ராக் ரிட்ஜ் என்ற யூனிக்ஸ் நீட்சியோடு எழுதினால் பெயர் பைட்டுகளாகவே சேமிக்கப்படும், மாற்றமும் நடக்காது. அங்கே யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியொன்றுக்கு 3 பைட், ஆக 80க்கும் சற்று மேற்பட்ட குறிகள் கொள்ளும். தமிழ்க் கோப்புகளை ஆவணப்படுத்துபவர்கள் ராக் ரிட்ஜ், ஜோலியட் இரண்டையும் சேர்த்து எழுதுவது நல்லது.

ராக் ரிட்ஜுக்கு மெனுவில் வரியே இல்லையே?

தேவையில்லை. ஐஎஸ்ஓஎஃப்எஸ்ஸில் அது எப்போதும் உண்டு. யூனிக்ஸ் அனுமதிகள், உரிமையாளர், குறியிணைப்புகள், நீண்ட பெயர்கள் எல்லாம் அதன் வழியாகவே வருகின்றன. வட்டில் ராக் ரிட்ஜும் ஜோலியட்டும் இரண்டும் இருந்தால் கெர்னல் ராக் ரிட்ஜையே எடுக்கும். ராக் ரிட்ஜ் பகுதி பழுதான வட்டில் -ஓ நோராக் கொடுத்து ஜோலியட் பக்கத்தைப் பார்க்கலாம். எதிர்த்திசைக்கு நோஜோலியட். இரண்டையும் அணைத்தால் மிஞ்சுவது 1988இன் அடிப்படை ஐஎஸ்ஓ 9660, முதல் நிலை வட்டு என்றால் எட்டெழுத்துப் பெயர், மூன்றெழுத்து நீட்சி. எந்த நீட்சி கிடைத்தது என்பது மவுண்ட் செய்ததும் டிமெசேஜில் தெரியும்.

சாதாரணப் பயனராகக் கோப்புகளைப் படிக்க முடியவில்லை, "பெர்மிஷன் டினைடு".

வட்டை எழுதியவர் ராக் ரிட்ஜில் தன் கணினியின் அனுமதிகளை அப்படியே பதித்துவிட்டார். எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் வகைக் கருவிகளில் பெரிய ஆர் விருப்பம் அப்படித்தான் செய்யும், சிறிய ஆர் எல்லாரும் படிக்கும்படி மாற்றி எழுதும். கையிலிருக்கும் வட்டை மாற்ற முடியாது. -ஓ ஓவர்ரைடுராக்பெர்ம் கொடுத்து, கூடவே யூஐடி, ஜிஐடி, மோட், டிமோட் மதிப்புகளைத் தாருங்கள். மோட் கோப்புகளுக்கு, டிமோட் அடைவுகளுக்கு. டிமோடில் இயக்க அனுமதி இல்லாவிட்டால் அடைவுக்குள் நுழையவே முடியாது: 0444, 0555 என்று கொடுங்கள்.

ஸீஐஎஸ்ஓஎஃப்எஸ் இன்றும் தேவையா?

புதிதாக எதற்கும் தேவையில்லை. எச். பீட்டர் ஆன்வின் உருவாக்கிய நல்ல ஏற்பாடு அது. நிறுவாமலே ஓடும் லைவ் சிடிக்கள் பின்னர் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற சுருக்கிய கோப்பு முறைமையின் பக்கம் போய்விட்டன. பழைய வட்டுகளைப் படிப்பவர்கள் ஒய் வைத்துக்கொள்ளுங்கள். ஆதரவு இல்லாத கெர்னலில் அந்தக் கோப்புகள் பிழை எதுவும் காட்டாமல், சுருங்கிய குப்பையாகவே திறக்கும். வட்டு கெட்டுவிட்டது என்று தூக்கி எறிய வைப்பது இதுதான்.

யூடிஎஃப் வட்டில் எழுத முடியவில்லை. படிக்க மட்டும் முடிகிறது.

பதிப்பைப் பாருங்கள். லினக்ஸ் யூடிஎஃப் 2.01 வரை எழுதும். 2.50, 2.60 படிக்க மட்டும், ஏனெனில் 2.50இல் வந்த மெட்டாடேட்டா பிரிவில் எழுதும் நிரல் இல்லை. ப்ளூ-ரே திரைப்படங்கள் 2.50இல்தான் வரும். டிவிடி வீடியோ 1.02, அதோடு ஐஎஸ்ஓ 9660 பக்கமும் இருக்கும்.

யூடிஎஃப்டூல்ஸில் உள்ள எம்கேயூடிஎஃப்எஃப்எஸ் கொண்டு நீங்களே உருவாக்கும்போது 2.01 என்று கொடுங்கள். டிவிடி-ராம், டிவிடி+ஆர்டபிள்யூ வட்டுகளில் சாதாரண வட்டுபோல் எழுதலாம். மவுண்ட் விருப்பத்தில் நோஏடைம் சேர்க்க வேண்டும். இல்லையேல் ஒரு கோப்பைப் படித்தாலே நேரத்தைப் பதிய வட்டில் எழுதும், மறுபடி எழுதும் எண்ணிக்கைக்கு வரம்புள்ள வட்டு அது. சிடி-ஆர்டபிள்யூவில் இப்படி எழுத பிகேடிசிடிவிடி என்ற தனி டிரைவர் இருந்துவந்தது. அது வழக்கொழிந்தது என்று நெடுங்காலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, புதிய அமைப்பை அதன்மேல் கட்ட வேண்டாம். சிடி-ஆர், டிவிடி-ஆர் வட்டுகளில் எழுதுவது கோப்பு முறைமையின் வேலையே அல்ல. எக்ஸ்ஆரிசோ போன்ற கருவி டிரைவோடு நேரடியாகப் பேசி எழுதுகிறது.

ஐஎஸ்ஓ கோப்பைத் திறக்க எஸ்ஆர் டிரைவர் வேண்டுமா?

வேண்டாம். கோப்பை வட்டுபோல் காட்டும் லூப் சாதனமும் கோப்பு முறைமையும் போதும்: கான்ஃபிக்_பிஎல்கே_டெவ்_லூப். பல அமர்வு வட்டை ஐஎஸ்ஓ படக் கோப்பாக எடுத்திருந்தால் மட்டும் ஒரு சிக்கல். உண்மை டிரைவில் கெர்னல் கடைசி அமர்வு எங்கே என்று டிரைவிடம் கேட்டு அதைத் திறக்கும். படக் கோப்பில் கேட்க ஆளில்லை, முதல் அமர்வே திறக்கும், பின்னால் சேர்த்த கோப்புகள் காணாமல் போனதுபோல் தெரியும். எக்ஸ்ஆரிசோவின் -டிஓசி பட்டியலில் கடைசி அமர்வின் தொடக்க செக்டரைப் பார்த்து, -ஓ எஸ்பிசெக்டர்= என்பதற்கு அந்த எண்ணைக் கொடுங்கள்.

மேகக் கணினிகளில் சிடி எதற்கு? அங்கே அணைத்துவிடலாம்தானே?

அங்கேதான் அணைக்கக் கூடாது. முதல் துவக்கத்தில் மேகக் கணினியை அமைக்கும் கிளவுட்-இனிட்டின் நோகிளவுட் முறை, சிஐடேட்டா என்ற பெயரிட்ட ஐஎஸ்ஓ 9660 அல்லது விஃபேட் வட்டிலிருந்து அமைப்பை எடுக்கிறது. ஓப்பன்ஸ்டாக்கின் கான்ஃபிக் டிரைவும் பெரும்பாலும் ஐஎஸ்ஓ 9660. மைக்ரோசாஃப்ட் அஸூர் முதல் துவக்க விவரங்களை யூடிஎஃப் வட்டாகத் தருகிறது. ஆதரவில்லாத கெர்னலில் கணினி துவங்கும், ஆனால் பயனர் கணக்கும் எஸ்எஸ்எச் சாவியும் உருவாகாது. உள்ளே நுழைய வழியின்றி வெளியே நிற்க வேண்டியதுதான்.

பாதுகாப்புக் கையேடுகளைப் பின்பற்றி மாட்ப்ரோப்.டி அடைவில் யூடிஎஃப்ஃபைத் தடுத்து வைத்திருந்தாலும் இதே நிலைதான். சிஐஎஸ் அமைப்பின் பாதுகாப்புக் கையேடே, அஸூரில் ஓடும் கணினிகளில் யூடிஎஃப்ஃபை முடக்கக் கூடாது என்று குறிப்பிடுகிறது. மாட்யூல் இருந்தும் ஏறவில்லையென்றால் மாட்ப்ரோப் -என் -வி யூடிஎஃப் ஓட்டுங்கள். விடையில் இன்ஸ்டால் /பின்/ட்ரூ அல்லது /பின்/ஃபால்ஸ் என்று வந்தால் தடுப்பு இருக்கிறது.

டிரைவ் அடுக்கும் தளத்துக்குத் தளம் மாறும். கியூஈமு மெய்நிகராக்கியின் பழைய பிசி வகையில் ஏடிஏ_பிக்ஸ், கியூ35 வகையில் ஏஎச்சிஐ, விர்ட்ஐஓ-ஸ்கஸியில் வைத்தால் ஸ்கஸி_விர்ட்ஐஓ. எல்லாவற்றின் மேலும் எஸ்ஆர்.

ஆடியோ சிடி மவுண்ட் ஆகவில்லை. டிவிடி படம் மவுண்ட் ஆகியும் ஓடவில்லை.

ஆடியோ சிடியில் கோப்பு முறைமையே கிடையாது, 2352 பைட் ஒலி செக்டர்கள் மட்டும். மவுண்ட் செய்ய எதுவும் இல்லை. சிடிபாரனோயா போன்ற கருவியால் எடுக்க வேண்டும். டிவிடியில் கோப்புப் பட்டியல் தெரிந்து, காட்சி உள்ள விஓபி கோப்பைத் திறந்தால் மட்டும் படிப்புப் பிழை வந்து, டிமெசேஜில் "ரீட் ஆஃப் ஸ்கிராம்பிள்டு செக்டர் வித்தவுட் ஆதென்டிகேஷன்" என்று இருந்தால் அது சிஎஸ்எஸ் எனும் நகல் தடுப்புப் பூட்டு. கெர்னல் அமைப்பில் எதை மாற்றினாலும் அது போகாது.

டிடி கட்டளையால் வட்டை அப்படியே கோப்பாக நகலெடுத்தால் கடைசியில் படிப்புப் பிழை வருகிறது.

டிராக்-அட்-ஒன்ஸ் முறையில் எழுதிய சிடிக்களில் கடைசி இரண்டு செக்டர்கள் படிக்க முடியாதவை. டிரைவ் சொல்லும் அளவிலோ அவையும் சேர்ந்திருக்கும். டிடி அவற்றைத் தொட்டதும் பிழை. வட்டில் கோளாறில்லை. ஐசோசைஸ் -டி 2048 /டெவ்/எஸ்ஆர்0 ஓட்டினால் ஐஎஸ்ஓ 9660 முறைமையின் உண்மையான செக்டர் எண்ணிக்கை கிடைக்கும். அதை டிடியில் கவுண்ட் மதிப்பாகவும், பிஎஸ் மதிப்பை 2048 ஆகவும் கொடுங்கள். யூடிஎஃப் மட்டும் உள்ள வட்டுக்கு ஐசோசைஸ் பயன்படாது.

2028 முதல் தேதிகள் தவறாகும் என்கிறார்களே?

பழைய கெர்னல்களில் உண்மை. ஐஎஸ்ஓ 9660 கோப்பின் ஆண்டை 1900இலிருந்து ஒரே பைட்டில் எண்ணுகிறது, 2155 வரை போகும். கெர்னல் நிரலோ அதைக் குறியுள்ள எண்ணாகப் படித்ததால், 127ஐத் தாண்டியதும், அதாவது 2027க்குப் பின், எதிர்மறையாகிவிடும். 2017இல் இது திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய கெர்னலை உட்பொதி சாதனங்களில் வைத்திருப்பவர்கள் இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டில் உள்ள தரவு சரியாகவே இருக்கும், காட்டும் தேதிதான் பிழை.

பொத்தானை அழுத்தினாலும் தட்டு வெளியே வருவதில்லை.

மவுண்ட் ஆகியிருக்கும்வரை கெர்னல் கதவைப் பூட்டும். அன்மவுண்ட் "பிஸி" என்றால், ஃப்யூசர் -எம்வி கொடுத்து எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த அடைவில் நிற்கும் உங்கள் டெர்மினலே. பூட்டே வேண்டாம் என்றால் சிஸ்சிடிஎல்லில் டெவ்.சிடிராம்.லாக் மதிப்பை 0 ஆக்கலாம். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போதே வட்டை உருவினால் நிரல்கள் பிழையோடு நிற்கும்.

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இதே வேலை எப்படி?

ஜெனரிக் கெர்னல் அமைப்பில் ஆப்ஷன்ஸ் சிடி9660 ஏற்கெனவே உண்டு, சாதனம் /டெவ்/சிடி0, மவுண்ட் வகை சிடி9660. யூடிஎஃப் தனி மாட்யூல், கேஎல்டிலோட் யூடிஎஃப் என்று ஏற்ற வேண்டும், படிக்க மட்டுமே. தமிழ்ப் பெயர்களுக்கு சிடி9660_ஐகான்வ் மாட்யூலை ஏற்றி, மவுண்ட்_சிடி9660 கட்டளைக்குப் பெரிய சி விருப்பத்தோடு யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஐஎஸ்ஓ கோப்பென்றால் லூப்புக்குப் பதில் எம்டிகான்ஃபிக்.